அம்மிகள் பேசிய நாள்: மாயா நாட்கணக்கில் பெண்ணும் விசுவாசமும்

'மாயன் காலண்டர்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2012 டிசம்பர் 21. அன்று உலகம் அழியப்போகிறது என்று தொலைக்காட்சிகள் பேசின. வார இதழ்கள் எழுதின. உலகம் அழியவில்லை. மாயா மக்களின் நீள்கணக்கில் ஒரு பெருஞ்சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது, அவ்வளவுதான். அந்த மக்கள் இன்றும் குவாத்தமாலாவின் மலைநாட்டில் வாழ்கிறார்கள், வேறொரு நாட்கணக்கை நாள் தவறாமல் எண்ணிவருகிறார்கள் என்ற செய்தி அந்த வதந்தியோடு நம்மிடம் வந்து சேரவில்லை.

அந்தக் கணக்கில் ஒரு சுற்றுக்கு 260 நாட்கள். இருபது நாட்பெயர்கள் ஒரு வரிசையிலும், ஒன்று முதல் பதின்மூன்று வரையான எண்கள் இன்னொரு வரிசையிலும் சேர்ந்தே நகர்கின்றன. இன்று எட்டாம் எண்ணோடு வந்த பெயர் மறுபடி அதே எண்ணோடு வர 260 நாட்கள் ஆகும். குழந்தை கருவில் இருக்கும் காலமும் ஏறத்தாழ இதுதான் என்று அங்குள்ள மருத்துவச்சிகள் சொல்கிறார்கள். நாட்களைக் காப்பவருக்குக் கீச்சே மொழியில் 'அஹ்கிஹ்' என்று பெயர். நாளுக்குரியவர் என்று பொருள். ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம்.

இந்த நாட்கணக்கை விசுவாசம், பக்தி என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு வாசிக்க விரும்புகிறேன். இரண்டின் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு. தமிழில் விசுவாசம் என்ற சொல்லை நாய்க்குச் சொல்கிறோம், வேலைக்காரருக்குச் சொல்கிறோம், தொண்டருக்குச் சொல்கிறோம். முதலாளி தன் தொழிலாளியிடம் விசுவாசமாக இருந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. அந்தச் சொல் கீழிருந்து மேல்நோக்கி மட்டுமே போகிறது. வீட்டுக்குள் அது மனைவியிடமிருந்து கணவனை நோக்கிப் போகிறது. ஆகவே எந்தச் சமயத்தைப் படித்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இங்கே யார் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும், பதிலுக்கு என்ன கிடைக்கும்?

செலுத்துதலும் நாயும்

இருபது பெயர்களில் ஐந்து அடுத்தடுத்து வருகின்றன: கானில், தோஹ், ட்ஸி, பாட்ஸ், ஏ. கானில் விதை, விளைச்சல். தோஹ் செலுத்த வேண்டியதைச் செலுத்துதல். ட்ஸி நாய். பாட்ஸ் குரங்கு, கீச்சே மொழியில் நூலுக்கும் அதே சொல். ஏ பாதை. விளைந்ததிலிருந்து செலுத்திய பிறகுதான் நாயின் நாள் வருகிறது.

இன்றைய மாயா ஆன்மிக நூல்களில் ட்ஸி நாள் விசுவாசத்துக்கும் சட்டத்துக்கும் நீதிக்கும் உரியது. ஆனால் 1970களில் மொமொஸ்தெனாங்கோ ஊரில் தங்கி, தானே நாட்காப்பாளராகப் பயிற்சி பெற்ற மானுடவியலாளர் பார்பரா டெட்லாக் அங்கே கேட்டுப் பதிந்தது வேறு. அந்த ஊரில் நாயின் நாளோடு அழுக்கு, பாலுறவு மீறல், நிச்சயமின்மை ஆகியவை சேர்த்துப் பேசப்பட்டன. ஒரே விலங்கு, ஒரே நாள். விசுவாசமும் அதுதான், விசுவாசத்தை மீறுவதும் அதுதான். இந்த இரட்டைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. விசுவாசத்தை ஒரு குணமாகப் பார்த்தால் நல்லவள், கெட்டவள் என்று பெண்களைப் பிரித்துவிடலாம். நாளாகப் பார்த்தால் அது எல்லோர் மீதும் வந்து போகும்.

மறந்தவர்களின் வீடு

கீச்சே மக்களின் தொல்கதை நூலான போபோல் வூ, ஸ்பானியப் படையெடுப்புக்குப் பின் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கீச்சே மொழியிலேயே ரோமன் எழுத்தில் எழுதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிச்சிகாஸ்தெனாங்கோவில் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் எடுத்த பிரதி மட்டுமே இன்று நம்மிடம் இருக்கிறது. அதில் படைப்புத் தெய்வங்கள் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பெயரைச் சொல்லுங்கள், எங்கள் நாட்களைக் காத்துவாருங்கள். தெய்வங்களுக்கே அங்கே தேவை இருக்கிறது.

விலங்குகளால் பெயர் சொல்ல முடியவில்லை. மண்ணால் செய்த மனிதர் கரைந்துபோனார். பிறகு மரத்தால் ஆண்களையும் கோரையால் பெண்களையும் செய்தார்கள். அவர்கள் நடந்தார்கள், பேசினார்கள், பிள்ளை பெற்றார்கள். ஆனால் நெஞ்சில் ஒன்றும் இல்லை. தங்களை உண்டாக்கியவர்களை நினைக்கவில்லை. தெய்வங்கள் வெள்ளத்தை அனுப்பின. அந்த அழிவின் நடுவே வீட்டுக்குள்ளிருந்து ஒரு கலகம் புறப்படுகிறது. பானைகளும் சட்டிகளும் அம்மிகளும் நாய்களும் எழுந்து நின்று பேசுகின்றன. சோறு போடாமல் கம்பை மட்டும் தயாராக வைத்திருந்தீர்களே என்று நாய்கள் கேட்கின்றன. நாள் முழுவதும் எங்கள் முகத்தில் அரைத்தீர்களே, இனி நாங்கள் உங்களை அரைப்போம் என்கின்றன அம்மிகள்.

இந்தப் பகுதியை எப்போது படித்தாலும் நான் அம்மியில்தான் நின்றுவிடுகிறேன். மக்காச்சோளம் அரைத்த அந்த அம்மியின் முன் நூற்றாண்டுக் கணக்கில் மண்டியிட்டவர்கள் பெண்கள். கதையோ கல்லுக்கு வாய் கொடுக்கிறது, அரைத்தவளுக்குக் கொடுக்கவில்லை. இருந்தாலும் தெய்வத்தை மறந்த குற்றமும் நாயைப் பட்டினி போட்ட குற்றமும் அங்கே ஒரே வழக்காக விசாரிக்கப்படுகின்றன. விசுவாசத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லையை நாயும் அறியும் என்று ஒரு புனித நூல் சொல்வது சிறிய விஷயமல்ல.

கடைசியில் மனிதரின் சதை மக்காச்சோளத்திலிருந்து உருவாகிறது. அதை ஒன்பது முறை அரைப்பவள் ஷ்முகானே என்ற பாட்டி. அவளும் ஒரு நாட்காப்பாளர். விதைகளைப் பரப்பி நாள் எண்ணிக் குறி சொன்னவள்.

மருமகளின் சோதனை

அதே ஷ்முகானே ஒரு மாமியாராகவும் வருகிறாள். பாதாள உலகான ஷிபல்பாவின் தலைவர்களில் ஒருவரின் மகள் ஷ்கிக். இறந்தவனின் மண்டையோடு அவள் உள்ளங்கையில் உமிழ்ந்த எச்சிலால் கருவுறுகிறாள். நான் எந்த ஆணையும் அறியேன் என்று அவள் சொல்வதை அப்பா நம்பவில்லை; மகளின் நெஞ்சைப் பறித்துவரச் சொல்லி ஆந்தைகளை அனுப்புகிறார். அவள் ஆந்தைகளோடு பேசி அவர்களைத் தன் பக்கம் திருப்புகிறாள். நெஞ்சுக்குப் பதில் மரத்தின் சிவப்புப் பாலை உறையவைத்துக் கொடுத்தனுப்பிவிட்டு, மேலுலகம் ஏறி வருகிறாள்.

அங்கே ஷ்முகானே அவளை மருமகளாக ஏற்க மறுக்கிறாள். ஒரு வலை நிறையச் சோளம் கொண்டுவா என்று சொல்லி அனுப்புகிறாள். வயலில் இருப்பது ஒரே ஒரு பயிர். கதறும் ஷ்கிக் உணவைக் காக்கும் பெண் தெய்வங்களை அழைக்கிறாள். அந்தப் பெயர்களில் இரண்டு ஷ்தோஹ், ஷ்கானில். நாம் மேலே பார்த்த தோஹ், கானில் என்ற நாட்களின் பெண் வடிவங்கள் அவை. பயிர் முறியாமல் வலை நிறைகிறது. ஷ்முகானே வயலுக்குப் போய்ப் பார்க்கிறாள். மண்ணில் வலை பதிந்த தடம் இருக்கிறது. 'வலை' என்பதும் இருபது நாட்பெயர்களில் ஒன்றுதான்: காத்.

சந்தேகப்படும் அப்பா, சோதிக்கும் மாமியார், நிரூபிக்க வேண்டிய பெண். இந்த அமைப்பு நமக்குப் புதிதல்ல. ஆனால் ஷ்கிக் தீயில் இறங்குவதில்லை, தன் உடலைச் சாட்சியாக வைப்பதில்லை. தன் கற்புக்காக அவள் வாதாடுவதும் இல்லை. நாட்களின் பெயர்களை அறிந்திருக்கிறாள், அவற்றைச் சரியாக அழைக்கிறாள். அவளுடைய பக்தி ஓர் அறிவு. அப்பாவுக்கு விசுவாசமற்றவளாக இருந்ததால்தான் அவள் உயிர் பிழைத்தாள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நாவில் கோத்த முட்கயிறு

கதையிலிருந்து கல்லுக்குப் போனால் காட்சி மாறுகிறது. இன்றைய மெக்சிகோவில் உள்ள யாஷ்சிலான் நகரத்து வாயில்மேற்கல் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 24ஆம் எண் கல் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் அதில் கபால் ஷோக் என்ற அரசி மண்டியிட்டிருக்கிறாள். முட்கள் கட்டிய கயிற்றைத் தன் நாவின் துளை வழியே இழுக்கிறாள். எதிரே கணவன், மூன்றாம் இட்சம்நாஹ் பாலம், தீப்பந்தம் பிடித்து நிற்கிறான். கல்லில் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது: 5 ஏப். நம் கணக்கில் 709 அக்டோபர். கீச்சே வரிசையில் 'ஏ', பாதை, என்று வருவது இந்த நாள்தான்.

அரசர்களும் தங்கள் ஆண்குறியைக் குத்திக் குருதி அளித்தார்கள். பெண்ணிடம் மட்டும் கேட்கப்பட்டதல்ல இது. ஷோக் வலுவற்றவளும் அல்ல. அந்தக் கல் பொருந்தியிருந்த கட்டடமே அவளுடைய வீடு என்று கல்வெட்டு சொல்கிறது. ஆனாலும் அவள் குருதி யாருடைய ஆட்சிக்குப் புனிதம் சேர்த்தது என்று கேட்கத்தான் வேண்டும். 742இல் கணவன் இறந்தான். 749இல் அவளும் இறந்தாள். 752இல் அரியணை ஏறியவன் வேறொரு மனைவியின் மகன். அவன் தன் தாயும் நாவில் குருதி அளித்தவள்தான் என்று கல்லில் செதுக்க வைத்தான். ஒரு பெண்ணின் பக்தி இன்னொரு பெண்ணின் பக்தியால் ஈடுகட்டப்பட்டது. இரண்டு முறையும் பலன் ஆணுக்கே.

கணக்கைக் காத்தவர்கள்

1562 ஜூலையில் யுகாத்தானின் மானி ஊரில் பாதிரியார் தியேகோ தெ லாந்தா மாயா நூல்களைத் தீயில் இட்டார். இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நான்கு மாயா ஏடுகள் மட்டுமே. மலைநாட்டில் 260 நாட்கணக்கு தப்பியது, மக்கள் அதை வாயால் எண்ணிவந்ததால். நூல் எரியும், பேறுகாலத்தை எண்ணும் விரல்களை எரிக்க முடியாது. பிறந்த நாளே ஒரு பெண்ணுக்கு மருத்துவச்சியாகும் அழைப்பைத் தரும் என்ற நம்பிக்கை அந்த ஊர்களில் தொடர்கிறது. அழைப்பை மறுத்தால் நோய் வரும் என்பார்கள். இதிலும் ஒரு கட்டாயம் இருக்கிறது. ஆனால் கணவனின் அனுமதியைத் தாண்டி ஒரு பெண் நள்ளிரவில் வீட்டை விட்டுக் கிளம்ப அந்தக் கட்டாயமே வழியும் தருகிறது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. குலத்தின் நாட்காப்பாளருக்குக் கீச்சே மொழியில் 'தாய்தந்தை' என்று பொருள்படும் பட்டம் உண்டு. சொல்லில் தாய் முதலில் வருகிறாள்; பதவியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நிறைவுசெய்கிறார்கள் என்ற மாயா கருத்து அழகானது. காலனியம் வருமுன்பே அங்கே ஆணாதிக்கம் இருந்தது, வந்த ஆணாதிக்கத்தோடு அது கைகோத்துக்கொண்டது என்று மாயா-ஷிங்கா பெண்ணியவாதி லொரேனா கப்னால் எழுதினார். பண்பாட்டுக்கு விசுவாசம் என்ற பெயரில் மரபு உடையைப் பெண் மட்டும் சுமக்க, ஆண் எளிதாகக் கழற்றிவிட்டுப் போவதையும் மாயா பெண்களே கேள்வி கேட்கிறார்கள்.

குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996 வரை நடந்தது. 1999இல் வெளிவந்த உண்மை ஆணைய அறிக்கை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர் என்றது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். சேபூர் சார்கோ என்ற இடத்தில் கெக்சி மாயா பெண்களின் கணவர்களைக் கொண்டுபோன ராணுவம், அந்தப் பெண்களை முகாமுக்கு முறைவைத்து வரவழைத்தது. சமைக்க வைத்தது, துவைக்க வைத்தது, வன்புணர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பாட்டிகளாகிவிட்ட அவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் அமர்ந்தார்கள். 2016 பிப்ரவரி 26 அன்று முன்னாள் ராணுவத்தினர் இருவருக்கு 120 ஆண்டுகளும் 240 ஆண்டுகளும் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு போபோல் வூவின் அம்மிகள்தான் நினைவுக்கு வந்தன. மறந்துவிட்டார்கள் என்று நினைக்கப்பட்டவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மொமொஸ்தெனாங்கோவில் புதிய நாட்காப்பாளர்கள் பொறுப்பேற்கும் நாள் 8 பாட்ஸ், நூலின் நாள். அதற்கு முந்தைய நாள் 7 ட்ஸி. அதற்கும் முந்தையது 6 தோஹ். பக்தியை நமக்குக் கற்பித்தவர்கள் செலுத்துவதைப் பற்றியே பேசினார்கள், பெறுவதைப் பற்றிப் பேசவில்லை. நாயின் நாளைக் கடக்காமல் யாரும் நூலின் நாளுக்குப் போக முடியாது என்று இந்த வரிசையை நான் வாசிக்கிறேன். யாருக்குச் செலுத்தினேன், எனக்கு யார் செலுத்த வேண்டும், நான் எதுவரை காத்திருப்பேன் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பெண் தன் பக்தியைக் கையில் எடுக்க வேண்டும்.