தாய்-சேய் நலக் கைப்பேசித் திட்டங்கள்: பலனை அளவிடுவது எப்படி?

பெங்களூரு: கர்ப்பிணிகளுக்கும் இளம் தாய்மார்களுக்கும் கைப்பேசி வழியாக நல ஆலோசனை வழங்கும் திட்டங்கள் நாட்டின் பல மாநிலங்களில் நடைபெற்று வருகின்றன. எத்தனை பேர் பதிவு செய்தனர், எத்தனை அழைப்புகள் சென்றன என்ற எண்ணிக்கைகள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால், தாய் அந்த அழைப்பைக் கேட்டாரா, கேட்டதைக் கடைப்பிடித்தாரா, அதனால் உடல்நலம் மேம்பட்டதா என்பவை வேறு கேள்விகள். ஒன்றுக்கான விடை மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை என்பதையே இதுவரை வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன.

முதலில் கேட்பது. பெங்களூரில் 2019-இல் தொடங்கப்பட்ட கூகுள் ஆராய்ச்சி மையத்தின் வல்லுநர்கள், மும்பையைச் சேர்ந்த 'அர்மான்' தொண்டு நிறுவனத்தின் 'எம்-மித்ரா' குரல் அழைப்புத் திட்டத்தில் கள ஆய்வு ஒன்றை நடத்தினர். வாரங்கள் செல்லச் செல்லப் பல தாய்மார்கள் அழைப்பைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றனர். பணியாளர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசி ஊக்குவிக்க வேண்டியவர்கள் யார் என்பதைச் செயற்கை நுண்ணறிவால் தேர்ந்தெடுத்தால் பயன் உண்டா என்பதே ஆய்வின் கேள்வி. சுமார் 23,000 தாய்மார்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, 7 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். ஊக்குவிப்பு அழைப்பு பெறாத குழுவுடன் ஒப்பிடுகையில், கேட்பதைக் கைவிடும் போக்கு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இங்கு அளவுகோல், செய்தியை 30 விநாடிகளுக்கு மேல் கேட்டாரா என்பதே. அதை உடல்நல முன்னேற்றமாகக் கொள்ள இயலாது.

அடுத்தது, கேட்டதைக் கடைப்பிடிப்பது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் தொடங்கிய 'கில்காரி' திட்டத்தில், கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை வாரந்தோறும் என 72 குரல் செய்திகள் அனுப்பப்படுகின்றன. மத்தியப் பிரதேசத்தில் 5,095 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வில், கில்காரி பெற்றவர்களிடையே தற்காலிகக் கருத்தடை முறைகளின் பயன்பாடு 3.7 சதவீதம் கூடுதலாக இருந்தது. தாய்ப்பால் மட்டும் ஊட்டும் வழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் தாய்மார்களின் வாய்மொழியையே சார்ந்துள்ளன. 'சரியான' விடை எது என்பதையும் அந்த அழைப்புகளே கற்பித்துவிடுவதால், பதில்களை எச்சரிக்கையுடன் அணுக வேண்டியுள்ளது.

கடினமான இறுதிக் கேள்வியை நேரடியாக எதிர்கொண்டது கர்நாடகத்தின் பெலகாவி, பாகல்கோட் மாவட்டங்களில் நடைபெற்ற 'கிளிப்' ஆய்வாகும். கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தைக் கிராமத்திலேயே கண்டறிவது அதன் நோக்கம். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தத்தை அளந்தனர். 'பியர்ஸ் ஆன் தி மூவ்' என்ற செயலி ஆபத்தின் அளவைக் கணித்தது. தேவைப்பட்டோருக்கு மெத்தில்டோபா மாத்திரையோ மெக்னீசியம் சல்பேட் ஊசியோ அளித்து மருத்துவமனைக்கு அனுப்புவது ஏற்பாடு. தனி நபர்களை அல்லாமல், ஊர்த் தொகுதிகளையே குலுக்கலில் பிரித்தனர். இந்தியாவில் 12 தொகுதிகளில் 14,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் பின்தொடரப்பட்டன. பாகிஸ்தான், மொசாம்பிக் நாடுகளிலும் இதே ஆய்வு நடைபெற்றது.

2020-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஒருங்கிணைந்த முடிவின்படி, தாய், சிசு மரணங்களும் கடும் நோய்ப் பாதிப்புகளும் சேர்ந்த மொத்த அளவில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. பணியாளர்கள் 8 அல்லது அதற்கு மேற்பட்ட முறை சந்தித்த பெண்களிடையே மட்டும் பாதிப்பு குறைவாகக் காணப்பட்டது. ஆனால் அதிக முறை சந்திக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே நல்ல கவனிப்புப் பெற்றவர்களாகவும் இருக்கலாம். எனவே இதைத் திட்டத்தின் வெற்றிக்கு உறுதியான சான்றாகக் கொள்வது கடினம்.

ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை என்பதற்கும் கர்நாடகமே சான்று. மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்குப்படி, மாநிலத்தில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு 2014-16-இல் 108 ஆக இருந்தது. 2018-20-இல் 69 ஆகக் குறைந்தது. மருத்துவமனைப் பிரசவங்கள், அவசர ஊர்தி, ரத்த வங்கி என இதற்குக் காரணங்கள் பல. அக்காலத்தில் தொடங்கிய எந்தச் செயலியும், 'முன்பு', 'பின்பு' என்ற இரு எண்களை மட்டும் காட்டி, தன்னால்தான் இறப்பு குறைந்தது என உரிமை கொண்டாட முடியும். ஒப்பீட்டுக் குழுவிலும் அதே அளவு குறைந்திருந்தால் அந்த உரிமை நிற்காது.

கணக்கில் வராதவர்களும் உள்ளனர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் நாட்டில் 54 சதவீதம் மட்டுமே. பல வீடுகளில் கைப்பேசி கணவரிடமோ மாமியாரிடமோ இருப்பதால், பதிவான அழைப்பை எடுத்தவர் கர்ப்பிணிதானா என்பதைக் கணினிப் பதிவுகளால் உறுதிசெய்ய இயலாது. கில்காரி ஆய்விலும் கைப்பேசி வசதி உள்ள பெண்களே சேர்க்கப்பட்டனர். அந்த வசதி இல்லாத வீடுகளின் நிலையை அதன் முடிவுகள் கூறவில்லை.