கடலூர் ஓ.டி.யில் ஒரு சுண்ணாம்பு வீடு

இந்த எபிசோடை ஒரு சுவர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். கடலூர் ஓ.டி.யில, அதாவது ஓல்டு டவுன்ல, எங்க ஆயா வீட்டுக் கூடத்துச் சுவர். 1920-கள்ல ஆயாவோட அப்பா கட்டின வீடு. சின்ன வயசுல அந்தச் சுவர்ல சாய்ஞ்சா சட்டை வெள்ளையாகும். இப்ப சாய்ஞ்சா சுவரே கூட வருது. இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமா விழுது.

மாமா, “இடிச்சிட்டு மூணு மாடி கட்டிடலாம், வாடகையாவது வரும்”ங்கறார். ஆயா, “நான் போனப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க”ங்கறாங்க. நடுவுல நான். பழைய கோடைப் பராமரிச்சே சம்பளம் வாங்குற ஆளுங்கறதால, “மொத்தமா புதுசா எழுதிடலாம்”னு யாராவது சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துடும். இந்தச் சுவர் ஏன் இப்படி ஆச்சுன்னு முதல்ல பார்ப்போம்னு கிளம்பினேன். அது எங்கெங்கயோ கொண்டுபோய் விட்டுச்சு.

இந்த ஊர்ல கம்பெனிக்காரங்க கட்டடங்களோட கதை ஒரு பீரங்கிக் குண்டுல தொடங்குது. 1690-ல தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியர்கள்கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்குது. அப்ப மெட்ராஸ்ல தலைவரா இருந்தவர் எலிஹு யேல். ஆமா, அமெரிக்காவுல இருக்கற யேல் யூனிவர்சிட்டிக்குப் பேர் வந்தது இவரால்தான். கோட்டையில இருந்து பீரங்கியால சுட்டா குண்டு விழற தூரம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம்ங்கறது ஒப்பந்தம். சுட்டாங்க. குண்டு உப்பலவாடி, குண்டுசாலைன்னு அந்தக் குண்டு இன்னமும் ஊர்ப் பேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு.

அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. அதுக்கு வெளியே, மஞ்சக்குப்பம் பக்கம் கம்பெனியோட கார்டன் ஹவுஸ். 1746-ல மெட்ராஸை பிரெஞ்சுக்காரங்க பிடிச்சதும், 1752 வரைக்கும் கம்பெனிக்குத் தலைமையிடமே கடலூர்தான். அதே 1746 டிசம்பர்ல கடலூரையும் பிடிக்க வந்த பிரெஞ்சுப் படை, இந்தக் கார்டன் ஹவுஸ் தோட்டத்துலதான் இறங்குச்சு. ஆற்காடு நவாபோட மகன்கள் குதிரைப்படையோட வந்து சேர்ந்ததும் பெண்ணையாத்தைத் தாண்டி ஒரே ஓட்டம். பன்னிரண்டு வருஷம் கழிச்சு, 1758-ல, லாலி வந்து கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளினார். 1761-ல ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடிச்சு அதையும் தரைமட்டமாக்கினாங்க. நாம இன்ஸ்டாவுல போட்டோ போடற பாண்டி மஞ்சள் வீடுகள் எல்லாம் அந்த இடிபாட்டுக்கு அப்புறம் எழுந்தவை.

கார்டன் ஹவுஸ்ங்கற பேர் நிலைச்சுது. பின்னாடி தென்னாற்காடு கலெக்டர்கள் குடியிருந்த பங்களா அது. அதோட கூரையில இரும்பும் இல்ல, மரமும் இல்ல, வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான்னு கடலூர்ல பெருமையா சொல்வாங்க.

எங்க வீடு அவ்வளவு பெரிய மனுஷன் இல்ல. மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அது மேல சின்னச் சட்டங்கள், அதுக்கு மேல மெல்லிசான செங்கலை நெட்டுக்குத்தா, மூலைவாட்டமா சுண்ணாம்பு வெச்சு அடுக்கியிருக்கும். மேல செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையா உட்கார்ந்து கட்டையால நாள்கணக்குல தட்டுவாங்க. நடுநடுவே கடுக்காய்த் தண்ணி, வெல்லத் தண்ணி தெளிப்பாங்க. கடைசியா தட்டோடு பதிப்பாங்க. ஆயா சின்னப் பொண்ணா இருந்தப்ப பக்கத்து வீட்டுக்கு இப்படித் தட்டினதைப் பார்த்திருக்காங்க. பாட்டுப் பாடிக்கிட்டே தட்டுவாங்களாம்.

சுண்ணாம்புல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அது ஒரு வட்டம். கிளிஞ்சலைச் சூளையில சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிடும். தண்ணி ஊத்தினா கொதிச்சு நீர்த்த சுண்ணாம்பாகும். சுவர்ல பூசினதும் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப இழுத்துக்கிட்டு, மெதுவா பழையபடி கால்சியம் கார்பனேட்டா இறுகும். ஆனா சிமெண்ட் அளவுக்கு இறுகாது, நுண்துளைகளோட இருக்கும். கடலும் ஆறும் பக்கத்துல இருக்கற ஊர்ல தரையில இருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவர் வழியா அது வெளியே வந்து காஞ்சு போயிடும். கொஞ்சம் பூச்சு உதிரும், பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சா முடிஞ்சுது.

1998-ல, நல்ல எண்ணத்தோடதான், எங்க தாத்தா அந்தச் சுவருக்கு சிமெண்ட் பூசினார். ஈரம் ஏறுச்சு, ஆனா வெளியே வர வழி இல்ல. கூட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாடியே படிகமாகி, செங்கலையே பொடியாக்கிடுச்சு. 2011-ல தானே புயல் பின்கட்டு ஓட்டையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனப்பகூட இந்தச் சுவர் அசையல. மூட்டை சிமெண்ட்டுக்குத்தான் அசைஞ்சுது.

இதை எனக்குச் சொன்னவர் சிதம்பரத்துல ஒரு பெரிய கொத்தனார். கோயில் திருப்பணிகள்ல சுண்ணாம்பு வேலை செஞ்சவர். வீட்டு வேலையில இந்தக் கைப்பக்குவம் ஏறக்குறைய போயிடுச்சு, கோயில் வேலையாலதான் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கு. கடலூருக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, “செவுரு நல்லாத்தான் இருக்கு தம்பி. மேல இருக்கற சிமிட்டிய கொத்தி எடுத்துட்டு ஒரு வெயில் காலம் சும்மா காய வுடுங்க”ன்னார்.

மாமாவை நம்ப வைக்க பாண்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். வைசியாள் தெருவுல இன்டாக் அமைப்பு முன்னின்று சீரமைச்ச வீடுகள், திண்ணையும் மரத்தூணுமா, இன்னமும் மக்கள் குடியிருக்கற வீடுகள். 2008-ல யுனெஸ்கோ விருது வாங்கின தெரு. அப்புறம் பீச்சுல மேரி கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டு கட்டடம், கவனிக்காம விட்டு 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சு. இப்ப நிக்கறது உலக வங்கிப் பணத்துல அதே மாதிரி கட்டி 2021-ல திறந்தது. பார்க்க அழகுதான். மாமா, “புதுசா கட்டினதே நல்லா இருக்கே”ன்னார். என் திட்டத்துல அது ஒரு பக்.

அவர் சொல்ற வாடகைக் கணக்குலயும் நியாயம் இருக்கு. ஆயாவுக்கு மருந்துச் செலவு இருக்கு, என் சம்பளத்தை வெச்சு மட்டும் வீரம் பேச முடியாது. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். புயல்ல போன பின்கட்டை எடுத்துட்டு அங்க கான்கிரீட்ல ரெண்டு வாடகை வீடு. முன்கட்டு அப்படியே இருக்கும். பாத்ரூமெல்லாம் புதுப் பக்கம், பழைய மாடியில தண்ணிக் குழாயே ஏறாது. ஒயரிங் சுவரைக் கொத்தாம வெளியிலயே பைப்ல போகும். ஏ.சி. ஒரே ரூமுக்கு.

போன வாரம் சிமெண்ட்டைக் கொத்த ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது நாள் அடியில இருந்து வெளிர் நீலச் சுண்ணாம்பு தெரிஞ்சுது. அவங்க கல்யாணத்துக்கு அடிச்சதுன்னு ஆயா சொன்னாங்க. மாமா போட்டோ எடுத்துக்கிட்டார். அப்புறம் கொத்தனாரைத் தனியா கூப்பிட்டு, சுண்ணாம்புப் பூச்சுக்கு சதுர அடி என்ன ரேட்னு கேட்டார்.