எல்லை கடந்த திருவாதிரைக் களி

மார்கழித் திங்கள் திருவாதிரை நாளன்று களியும் கூட்டும் சமைத்து இறைவனுக்குப் படைப்பது தமிழ் மக்களின் பழைய வழக்கம். பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலர் இல்லங்களிலும் இது நடைபெற்று வருகின்றது. ஆயினும் நம் மக்களின் காலத்திலும் இது நிலைக்குமா என்னும் கவலை நமக்கு உண்டு. நமக்கு முன்பே மலையைக் கடந்து குடியேறிய தமிழர் என் செய்தனர் என்பதை நோக்கினால் ஓரளவு தெளிவு பிறக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையிடையே பாலக்காட்டுக் கணவாய் இயற்கை அமைத்த வாயிலாகும். பல நூற்றாண்டுகளுக்கு முன் அவ்வழியே சென்ற தமிழ்க் குடும்பங்கள் கல்பாத்தி முதலிய இடங்களில் அக்கிரகாரங்கள் அமைத்து வாழ்ந்தன. சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்திருந்த பாலக்காடு, 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலத்தில் இணைந்தது. அவ்வில்லங்களில் தமிழ்ப் பேச்சும் மார்கழிக் களியும் தொடர்ந்தன.

அதே திருவாதிரையில் அண்டை வீட்டு மலையாளப் பெண்டிர் நோன்பிருந்து, கிழங்கு வகைகளையும் பயற்றையும் தேங்காயோடு வேகவைத்துப் புழுக்கு சமைப்பர். புழுக்கு என்பது நம் சங்கப் பாடல்களிலும் வரும் சொல்லே. தமிழ் இல்லத்தின் ஏழு காய்க் கூட்டிலும் சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் ஆகியவை இடம்பெறும். கிழங்குகள் விளைந்து வரும் பருவமாதலால் இவ்வொற்றுமை வியப்பன்று. பாலக்காட்டுத் தமிழர் தேங்காயையும் தேங்காயெண்ணெயையும் தாராளமாக ஏற்றுக்கொண்டனர், ஓணமும் விஷுவும் கொண்டாடினர், களியையும் கைவிட்டாரில்லை.

தெற்கே இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்த மறையூர், காந்தளூர்ப் பகுதிகளிலும் தமிழர் பலர் வாழ்கின்றனர். அங்கே கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கையால் உருட்டும் மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. களியின் நிறமும் சுவையும் வெல்லத்தைப் பொறுத்தவை. ஊருக்கு ஊர் வெல்லம் வேறுபடுதலால் களியும் வேறுபடும். அதனைக் குறை என்று கொள்ள வேண்டியதில்லை.

களியைப் பற்றி வழங்கும் கதையும் இதனையே உணர்த்துகின்றது. திருப்பல்லாண்டு பாடிய சேந்தனார் தில்லையில் விறகு விற்று, நாள்தோறும் ஓர் அடியாருக்கு அமுதளித்து வந்தாராம். ஒரு நாள் பெருமழையால் விறகு விலைபோகவில்லை. வீட்டில் இருந்ததைக் கொண்டு அவர் களி சமைத்தார். இறைவனே அடியாராக வந்து அதனை உண்டான் என்பர். இக்கதையின்படி களியே இருந்ததைக் கொண்டு ஆக்கிய உணவுதான்.

பிற்காலத்தில் பாலக்காட்டுக் குடும்பங்கள் உத்தியோகத்தை நாடிப் பம்பாய், கல்கத்தா, தில்லி எனப் பரவின. உடனிருந்து கற்பிக்க மூத்தோர் இல்லாத இல்லங்கள் பெருகின. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்னும் நூல் இக்குறையைப் பெரிதும் போக்கிற்று. பொருள்களின் அளவையும் செய்முறையையும் ஒழுங்காக எழுதிவைத்தமையால், மணமாகித் தொலைவு சென்ற பெண்களுக்கு அது துணையாயிற்று.

எனினும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனிக் கைப்பாகம் ஒன்று உண்டு. நாம் தில்லிக்கு வந்த முதல் மார்கழியில், பாட்டியாரிடம் தொலைபேசியில் கேட்டுக் களி கிண்டினோம். “இரண்டு கைப்பிடி அரிசி, தண்ணீர் கண்ணளவு” என்றார். களி கல்லாய் இறுகிற்று. அடுத்த விடுமுறையில் ஊர் சென்று, அவர் அள்ளிய ஒவ்வொரு பிடியையும் பானையில் இடுமுன் அளந்து குறித்தோம். வறுத்து உடைத்த அரிசி ஓர் ஆழாக்கு, பயற்றம்பருப்பு அரைக்கால், வெல்லம் ஒன்றேகால், நீர் இரண்டரை ஆழாக்கு எனக் கணக்கு வந்தது. நாம் எழுதுவதைக் கண்டு பாட்டியார் சிரித்தார். மறு மார்கழியில் அவர் இல்லை. இன்று நம் மகள் அக்குறிப்பைப் பார்த்துத்தான் அரிசி வறுக்கிறாள்.

தேங்காயும் வெல்லமும் இடத்திற்கேற்ப மாறலாம். அளவும் பக்குவமும் மூத்தோருடன் மறைந்துவிடலாகாது. ஆகவே நேயர்களே, அடுத்த திருவாதிரைக்கு முன்னரே குறிப்பேட்டுடன் அவர்கள் அருகில் அமருங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.