சாம்பியா: தாமிரமும் கடனும்

தென்மத்திய ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகள் சூழ்ந்த, கடற்கரை இல்லாத நாடு சாம்பியா. 1964 அக்டோபர் 24 அன்று விடுதலை பெறும்வரை வடக்கு ரொடீசியா என்று அழைக்கப்பட்டது. அன்றும் இன்றும் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கைத் தருவது தாமிரம். அதன் விலை லண்டன் உலோகச் சந்தையில் முடிவாகிறது. சரக்கு கடலைச் சேர அண்டை நாட்டு ரயிலும் துறைமுகமும் வேண்டும். வளரும் நாடுகளின் சிக்கல்களைப் பொருளாதாரம், சமூகம், பாதுகாப்பு என்று தனித்தனித் தலைப்பில் எழுதுவது வழக்கம். சாம்பியாவின் வரலாறு அந்தப் பிரிவுகளுக்குள் அடங்குவதில்லை.

காங்கோ எல்லையை ஒட்டிய காப்பர்பெல்ட் பகுதியில் 1920களின் இறுதியில் பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன. வெள்ளையருக்கு ஒரு கூலி, கறுப்பருக்கு ஒரு கூலி. 1935இல் வரி உயர்வை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது லுவான்ஷ்யாவில் போலீஸ் சுட்டு ஆறு பேர் இறந்தனர். கனிமங்களுக்கான உரிமத்தொகை அரசுக்குச் சேரவில்லை. செசில் ரோட்ஸ் தொடங்கிய பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்குப் போனது. விடுதலைக்குச் சற்று முன்புதான் அந்த உரிமை கைமாறியது. புதிய நாட்டில் இருந்த உள்நாட்டுப் பட்டதாரிகள் சுமார் நூறு பேர்.

வழி அடைபட்ட நாடு

விடுதலை கிடைத்து ஓராண்டு முடிந்ததுமே, 1965 நவம்பரில், தெற்கே ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. சாம்பியாவின் தாமிரமும் எண்ணெயும் பெரும்பாலும் போய்வந்தது அந்த நாட்டு ரயில்பாதையில்தான். அதிபர் கென்னத் கவுண்டா மாற்றுவழி தேடினார். 1968இல் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்திலிருந்து நிடோலாவுக்கு எண்ணெய்க் குழாய் வந்தது. ரயில்பாதை போட்டால் கட்டுப்படியாகாது என்று உலக வங்கி கைவிரித்தது. வட்டியில்லாக் கடன் கொடுத்து 1,860 கிலோமீட்டர் பாதையை 1970–75இல் சீனா போட்டு முடித்தது. டாசாரா என்பது அதன் பெயர். அன்று சீனாவும் ஏழை நாடுதான் என்பதை இன்றைய விவாதங்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1973இல் ரொடீசியா எல்லையை மூடியது. 1975இல் அங்கோலா உள்நாட்டுப் போரில் மேற்குக் கடற்கரைக்கான பெங்கேலா ரயிலும் நின்றது. ஜிம்பாப்வே, நமீபியா, தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கங்களுக்குத் தலைநகர் லுசாகா அடைக்கலம் கொடுத்திருந்தது; அதற்கு விலையாக ரொடீசியப் படைகள் எல்லை தாண்டி வந்து முகாம்களைத் தாக்கின. 1979இல் டாசாரா பாதையின் சம்பேஷி பாலத்தையே தகர்த்தன.

1969இல் அரசு சுரங்கங்களில் 51 விழுக்காட்டுப் பங்கைத் தன்வசம் எடுத்தது. அவ்வாண்டு உற்பத்தி ஏழு லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. 2000இல் அது இரண்டரை லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. தேசியமயமே சுரங்கத்தைக் கெடுத்தது என்பார்கள். நிர்வாகம் சீரழிந்தது உண்மை. ஆனால் 1974–75இல் தாமிர விலை பாதியாகச் சரிந்ததையும், அதே ஆண்டுகளில் எண்ணெய் விலை எகிறியதையும், போக்குவரத்துச் செலவையும் விட்டுவிட்டுச் சொல்லும் தீர்ப்பு அரைகுறையானது. விலை மீண்டும் ஏறும் என்று நம்பி அரசு கடன் வாங்கியது. நெடுங்காலம் ஏறவில்லை.

மக்காச்சோள மாவின் அரசியல்

சாம்பியர்களின் அன்றாட உணவு இன்ஷிமா, வெள்ளை மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் களி. நகர மக்களுக்கு மாவை மலிவாகத் தர அரசு மானியம் கொடுத்துவந்தது. அதை வெட்டச் சொன்னது பன்னாட்டு நாணய நிதியம். 1986 டிசம்பரில் சன்ன மாவுக்கான மானியம் நீக்கப்பட்டு விலை இரு மடங்குக்கு மேல் போனது. ஏழைகள் வாங்கும் கொரகொரப்பு மாவுக்கு மானியம் தொடரும் என்றுதான் திட்டம். அரசு பணத்தைத் திருப்பித் தருமா என்று சந்தேகப்பட்ட ஆலைக்காரர்கள் அதை அரைப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடையில் விலை ஏறிய மாவு மட்டும் இருந்தது. காப்பர்பெல்ட் நகரங்களில் கலவரம் மூண்டு 15 பேர் இறந்தனர். கவுண்டா பின்வாங்கினார், 1987 மே மாதம் நிதியத்துடன் உறவை முறித்தார். 1990 ஜூனில் மறுபடி விலையேற்றம், மறுபடி கலவரம். அம்மாதக் கடைசியில் ஒரு ராணுவ லெப்டினன்ட் வானொலியில் ஆட்சி கவிழ்ந்ததாக அறிவித்தபோது மக்கள் தெருவில் ஆடினார்கள். சில மணி நேரத்தில் அது அடக்கப்பட்டது. ஆனால் 1991 தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் ஃபிரெடரிக் சிலூபா வென்றார். கவுண்டா அமைதியாகப் பதவி விலகினார்.

இதே காலத்தில் எய்ட்ஸ் பரவியது. 1986இல் இறந்த தன் மகனின் சாவுக்கு அந்நோயே காரணம் என்று கவுண்டா 1987இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிரிக்கத் தலைவர்கள் வாய் திறக்கத் தயங்கிய காலம் அது. 2001–02 ஆய்வில் 15 முதல் 49 வயதினரில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு எச்ஐவி தொற்று இருந்தது. சிக்கனச் சீர்திருத்தத்தின் பெயரால் மருத்துவமனைகளில் கட்டணம் வாங்கியதும் எய்ட்ஸ் பரவிய ஆண்டுகளில்தான். 2005இல் கடன் தள்ளுபடி கிடைத்த பின், 2006இல், கிராமப்புறங்களில் அக்கட்டணம் நீக்கப்பட்டது.

கைமாறிய சுரங்கங்கள், புதிய கடன்

1997–2000இல் சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் தமிழர்கள் அறிந்த வேதாந்தா குழுமம், 2004இல் கொங்கோலா சுரங்க நிறுவனத்தின் 51 விழுக்காட்டை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. தங்கள் நீர்நிலைகள் மாசுபட்டதாகக் குற்றம்சாட்டிய சிங்கோலா வட்டாரக் கிராமத்தினர் அந்நிறுவனத்தின்மீது இங்கிலாந்திலேயே வழக்காடலாம் என்று 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழைய கடன் எப்படியெல்லாம் துரத்தியது என்பதற்கு டோனகல் வழக்கு ஒன்று போதும். டிராக்டர் உள்ளிட்ட வேளாண் கருவிகளுக்காக 1979இல் ருமேனியாவிடம் வாங்கிய கடனை, 1999இல் டோனகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007இல் லண்டன் நீதிமன்றம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்கச் சொன்னது.

அடுத்த கடனுக்கு வெளியாரைக் குறைசொல்ல முடியாது. தாமிர விலை உயர்ந்திருந்த 2012இல் சாம்பியா 75 கோடி டாலருக்குப் பன்னாட்டுக் கடன்பத்திரம் வெளியிட்டது. 2014, 2015 வெளியீடுகளோடு சேர்ந்து அது 300 கோடியானது. சாலைகளுக்கும் விமான நிலையங்களுக்கும் சீனக் கடன் தனி. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல், கொரோனா காலத்தில் கடன் தவறிய முதல் ஆப்பிரிக்க நாடானது. மறுசீரமைப்பு எளிதில் முடியவில்லை. சீனா உள்ளிட்ட அரசுகளுடன் 2023இலும் கடன்பத்திரக்காரர்களுடன் 2024இலும்தான் உடன்பாடு வந்தது.

அந்த 2024இல் எல் நினோ வறட்சி மக்காச்சோளப் பயிரைக் கருக்கியது. அரசு தேசியப் பேரிடர் அறிவித்தது. மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம் என்பதால் கரீபா அணையில் நீர் வற்றியதும் நகரங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2025 பிப்ரவரியில் சம்பிஷி அருகே சீன நிறுவனம் ஒன்றின் அமிலக் கழிவு அணை உடைந்து, கழிவு காஃபூ ஆற்றில் கலந்தது. கிட்வே நகரில் குடிநீர் நிறுத்தப்பட்டது.

மின்வாகனங்களுக்குத் தாமிரம் தேவைப்படுவதால் ஆண்டு உற்பத்தியை 30 லட்சம் டன்னாக உயர்த்த அரசு இலக்கு வைத்துள்ளது. டாசாராவைச் சீரமைக்கச் சீனா முன்வந்துள்ளது. அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்கான மேற்குப் பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஆதரவு தருகின்றன.