பிழைக்காசும் பழுதுக்காசும்

நுவரெலியா, ஹற்றன் முதலிய மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றில் முன்னோர் சேமித்த வெள்ளி ரூபாக்கள் இன்றும் பேணப்படுகின்றன. அவற்றுள் உருத்திரிந்த ஒன்று அகப்பட்டால், அச்சுப்பிழை உடையது, பெருவிலை பெறும் என்பார் ஒருவர். தேய்ந்த காசு, வெள்ளி எடைக்கே போகும் என்பார் மற்றொருவர். முன்னவரை நம்பினோர் ஏமாறுவர். பின்னவரை நம்பினாலோ அரும்பொருள் உலைக்குப் போகும். மாறுபாடு நாணயசாலையில் நேர்ந்ததா, வெளிவந்தபின் நேர்ந்ததா என்பதே ஆராயத்தக்கது.

இலங்கை 1872இல் ரூபாவுக்கு 100 சதம் என்னும் முறையைக் கைக்கொண்டது. 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புச் சதங்களில், தாளிப்பனையின் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு எழுதப்பட்டது. ரூபா நாணயம் மட்டும் இந்தியாவினதாகவே வழங்கிற்று. அதன் எடை ஒரு தோலா, அஃதாவது 11.66 கிராம். தட்டார் அதனையே படிக்கல்லாகவும் கொண்டனர்.

அவ்விந்திய ரூபாக்களுள் பெரும்புகழ் பெற்றது 1911ஆம் ஆண்டினது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அணிந்த விருதுச் சங்கிலியில் இருந்த யானை, துதிக்கை குறுகிப் பன்றிபோலத் தோன்றிற்று. மக்கள், சிறப்பாக முஸ்லிம்கள், மனம் நொந்தனர். ஏறத்தாழ 94 இலட்சம் பொறிக்கப்பட்டும் 7 இலட்சமே வெளிவந்தன, எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912ஆம் ஆண்டு ரூபாவில் யானை திருத்தமாக அமைந்தது. ஆகவே பன்றி ரூபாவை அறிய ஆண்டெண்ணே போதும். எனினும் இது வரைந்தவர் குறையேயன்றி அடித்தவர் பிழையன்று. அவ்வாண்டு ரூபா அனைத்திலும் அது உண்டு.

அடிப்பதில் நேரும் பிழை தனிக்காசுக்கே உரியது. வில்லை விலகி நின்றால் இருபுறத்து உருவமும் ஒருங்கே விலகும். ஒருபுறம் மட்டும் சிதைந்திருப்பின் அது பிற்காலத்துப் பழுதாகவும் இருக்கலாம். விளிம்பில் பிறைபோலக் குறைந்த காசில், குறைக்கு நேரெதிர் விளிம்பும் மெலிந்திருத்தல் நற்சான்று. அரத்தால் அராவியதில் அம்மெலிவு இராது. முன்னடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒருமுகத்தில் அதன் உரு குழிந்தும் இடவலம் மாறியும் பதியும். இரு காசுகளைச் சேர்த்து நெரித்து இதனைப் போலி செய்வாரும் உளர். அங்கே மறுமுகம் நசுங்கியிருப்பது அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

விலையோ அருமையை மட்டும் பொறுத்ததன்று. உலகில் ஒன்றேயான பிழைக்காசுக்கும் வேண்டுவோர் இன்றேல் விலையில்லை. பன்றி ரூபா இலட்சக்கணக்கில் வெளிவந்தும் அதன் கதையை அறிந்தோர் பலராதலின் தேடப்படுகிறது. காசுமாலைக்கென வளையம் பற்றவைத்ததும், துளையிட்டதும், புளியிட்டுத் துலக்கியதும் மதிப்பைப் பெரிதும் குறைக்கும். வீட்டார் அன்போடு செய்தது துலக்கல். நாணயம் கொள்வோர்க்கு அதுவே குற்றம்.

பழைய காசுகளில் இவ்வளவைகள் தலைகீழாகும். 1801 முதல் 1816 வரை ஆங்கில அரசு இலங்கையில் வெளியிட்ட தடித்த செப்பு யானைக்காசுகளில் உருவம் ஒருபுறம் ஒதுங்கி, ஆண்டெண் பாதி விடுபட்டிருத்தல் இயல்பு. அதனைப் பிழையென்று கூடுதல் விலை சொல்லுதல் அறியாமை. அவ்வரிசையில் யானை முழுமையாக நடுவில் நின்று, ஆண்டெண் நான்கிலக்கமும் தெளிந்த காசே அரியது.