கண்டல் காயமும் பெண்களின் றக்பியும்

வலைப்பந்தாட்டம் ஆடி முழங்கால் உரஞ்சுப்பட்டு வீடு போன எமது மாணவிகள் பலரும் கேட்டிருக்கும் கேள்வி இது: "காலிலை தழும்பு கிடந்தால் நாளைக்கு ஆர் கட்டுவான்?" எமது ஊருக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. றக்பி ஆடிய பெண்களும் இதையே வேறு வேறு குரல்களில் கேட்டு வந்திருக்கிறார்கள்.

1887 இல் அயர்லாந்தின் எனிஸ்கிலன் நகரில், சகோதரர்களின் அணியில் ஆள் குறைந்தபோது எமிலி வலன்ரைன் என்ற பத்து வயதுச் சிறுமி களமிறங்கி ஒரு 'ட்ரை' வைத்தாள். 1891 இல் நியூசிலாந்தில் திட்டமிடப்பட்ட பெண்கள் றக்பிச் சுற்றுப்பயணமோ கண்டனங்களால் கைவிடப்பட்டது. பிறகு போர் வந்தது. 1917 டிசெம்பர் 15 இல் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் நியூபோர்ட் பெண்கள் கார்டிஃப் பெண்களை 6-0 என வென்றனர். அக்காலத்தில் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்களின் தோல் இரசாயனத்தால் மஞ்சளாகியது. அதற்காக எந்தத் தடையும் வரவில்லை. ஆண்கள் போரிலிருந்து திரும்பியதும் பெண்களின் றக்பிதான் நின்றது.

இத்தகைய தடைகளுக்கு எமது வைத்தியத் தொழிலும் சாட்சி சொன்னது என்பதே என்னை உறுத்துகிறது. 1921 இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழக மைதானங்களைப் பெண்களுக்கு மூடியபோது, பெண்ணுடல் அவ்விளையாட்டைத் தாங்காது என்றவர்களுள் டொக்டர் மேரி ஷார்லிப்பும் ஒருவர். 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதற் பெண்களில் ஒருவர் அவர்! 1972 இல்கூட பிரெஞ்சு விளையாட்டுத்துறை, உடலியல் காரணம் காட்டி றக்பி பெண்களுக்கு ஆகாது என்றது. பத்தாண்டு கழித்து உத்ரெக்டில் நெதர்லாந்தை 4-0 என வென்று, பெண்களின் முதலாவது சர்வதேச றக்பிப் போட்டியின் வெற்றியாளரானது பிரான்ஸ் அணியே.

அந்த உடலியல்தான் என்ன? கருப்பை இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கிறது. மார்பில் அடிபட்டால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரமில்லை. கண்டல் என்பது தோலின் கீழ்க் கசிந்த இரத்தம். நீலம், பச்சை, மஞ்சள் என மாறி இரண்டு மூன்று கிழமையில் மறைந்துவிடும். அஞ்ச வேண்டியவை தலையிலும் கழுத்திலும் படும் அடிகள். அவை பெடியன்களுக்கும் உண்டு.

வெளிநோயாளர் பிரிவில் நான் பார்த்த பெண்களின் கண்டல்களில் அநேகமானவை மைதானத்தில் வந்தவையல்ல. "படியிலை விழுந்திட்டன்" என்பார்கள். மேற்கையில் விரல்களின் அடையாளம் தெரியும். கூட்டி வந்தவர் பக்கத்திலேயே நிற்பார். அந்தக் கண்டலைப் பற்றி ஊரில் எவரும் கூட்டம் போடுவதில்லை.

இன்று இலங்கையில் பொலிஸ், இராணுவ, விமானப்படை அணிகளில் பெண்கள் றக்பி ஆடுகிறார்கள். எமது பிள்ளை ஒருத்தியும் ஒருநாள் அப்படிக் கண்டலோடு வீடு வரலாம். தலையிடி, சத்தி, மயக்கம் ஏதும் உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் துணியில் சுற்றிய ஐஸை வைத்துவிட்டு, எந்த அணி வென்றது என்று கேளுங்கள்.