கோப்புப் பரிமாற்றச் செய்நிரல்களும் பயனாளர் வரலாறும்

கணனியின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கிய நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை விலைக்கு வாங்கியோர் அங்கு வெறும் நுகர்வோராகவே இடம்பெறுகின்றனர். இந்நோக்கு எத்துணைக் குறையுடையது என்பதை, வீட்டுக் கணனிகளுக்கிடையே கோப்புகளைப் பரிமாற உதவிய செய்நிரல்களின் வரலாறு தெளிவுறுத்துகின்றது.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளிற் புகுந்த சிறு கணனிகள் பல ஒன்றோடொன்று ஒவ்வாதன. ஒன்றின் வட்டைப் பிறிதொன்று வாசிப்பது அரிதாயிருந்தது. தொலைபேசிக் கம்பியும், அதனோடு கணனியை இணைக்கும் மொடெம் கருவியுமே அவற்றிடையே பொதுவழியாயின. ஆயின், கம்பியில் எழும் இரைச்சல் செல்லும் எழுத்துகளைச் சிதைத்தது. ஓரெழுத்துச் சிதையினும் செய்நிரலொன்று பயனற்றுப் போகலாம்.

1977இல் சிக்காகோவைச் சேர்ந்த வோட் கிறிஸ்ரென்சன் இதற்குத் தீர்வாக 'மொடெம்' என்ற பெயரிலேயே ஒரு செய்நிரலை எழுதினார். அது கோப்பை 128 பைற்றுகள் கொண்ட துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் ஈற்றிலும் அப்பைற்றுகளைக் கூட்டிப் பெற்ற சோதனை எண்ணொன்றைச் சேர்த்து அனுப்பியது. பெறுங் கணனி தானும் கூட்டிப் பார்த்து, எண் பொருந்தின் ஏற்றுக்கொண்டது. பொருந்தாவிடின் மீள அனுப்புமாறு கேட்டது.

கிறிஸ்ரென்சன் அதனை விற்கவில்லை. மூலநிரலோடு பொதுவில் வழங்கினார். இதுவே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மொடெம் இணையும் வாயிலின் எண் கணனிக்குக் கணனி வேறுபட்டது. எனவே, மூலநிரலைப் பெற்றவர் தத்தம் கணனிக்குரிய எண்களை அதில் இட்டு, மீண்டும் இயந்திர மொழிக்கு மாற்றிக்கொண்டனர். கீத் பீற்றர்சன் திருத்திய வடிவின் பெயரான 'எக்ஸ்மொடெம்' என்பதே பின்னர் அவ்விதிமுறையின் பெயராக நிலைபெற்றது. 1980களின் முற்பகுதியிற் பரவிய எம்.டி.எம். 7 செய்நிரல் வரிசையில் இப்பணி மேலும் எளிதாயிற்று. பொதுப்பகுதி மாறாதிருக்க, கணனிக்கேற்ற சிறு பகுதி மட்டும் அதன்மேற் பொருத்தப்பட்டது.

நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1981இல் பிராங் டா குறூஸ், பில் கச்சிங்ஸ் ஆகியோர் 'கேர்மிற்' விதிமுறையை வகுத்தனர். அங்கு பொதுக் கணனியில் மாணவருக்குக் கிடைத்த சேமிப்பிடம் மிகச் சிறிது. கோப்புகளை வட்டுகளுக்கு மாற்றி மாணவர் தாமே பேணிக்கொள்ள வழிசெய்வது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும். பெருங்கணனிகள் சில குறியீடுகளைத் தமக்குரிய கட்டளைகளாகக் கொண்டுவிடுமாதலின், கேர்மிற் அவற்றை அச்சிடத்தக்க எழுத்துகளாக மாற்றி அனுப்பியது. இதன் மூலநிரலும் பகிரப்பட்டது. பல நாட்டவர் நூற்றுக்கணக்கான கணனி வகைகளுக்கு அதனைப் பொருத்தித் தம் ஆக்கங்களைக் கொலம்பியாவுக்கே அனுப்பிவைத்தனர்.

இயந்திர மொழியறிவு உடையோருக்கே இச்சுதந்திரம் முழுமையாகக் கிட்டியதென்பது உண்மையே. எனினும், அவர்தம் திருத்தங்களை ஏனையோரும் பெற்றுப் பயனடைந்தனர். ஒவ்வொருவரும் தமக்கேற்றவாறு செய்நிரலை மாற்றினர். ஆனால் இரு கணனிகளுக்கிடையிலான விதிமுறையை மாற்றாது காத்தனர். வேறுபாட்டுக்கு இடமளித்தவாறே உடன்பாட்டைப் பேணிய இப்பயனாளரையும் கணனி வரலாற்றை ஆக்கியோருள் வைத்து எண்ணுதலே முறையாகும்.